காவலுக்குக் கொடுத்தது

அப்பத்தாவின் தகரப்பெட்டியில் நிலப்பத்திரம், ஜாதகக்கட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகள் இவற்றோடு ஒரு ரசீதும் இருந்தது. 1962-இல் சீனப்படை எல்லை தாண்டி வந்தபோது பாதுகாப்பு நிதிக்குத் தன் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்ததற்கு எழுதித் தந்த ரசீது. மடிப்பெல்லாம் கிழிந்து, மை வெளுத்து, எடை எழுதிய வரி மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவில் மிஞ்சியிருந்தது. மழை பொய்த்த வருஷங்களில்கூட அடகுக்குப் போகாத தோடு அது. "நாட்டுக்கே ஆபத்துன்னாக. கழட்டிக் குடுத்துட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. இரண்டு வருஷம் வெறுங்காதோடு இருந்துவிட்டு, தாத்தா கடலை விற்ற பணத்தில் வேறு தோடு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் போய் வெகுகாலம் கழித்து அந்த ரசீதை எடுத்துப் பார்த்தபோதுதான், அதே நாட்களில் அவரிடமிருந்து இன்னொன்றும் வாங்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. 1962 அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அரசியலமைப்பின் 352-ஆம் பிரிவின்படி நெருக்கடிநிலையை அறிவித்தார். நவம்பர் 3-இல் 359-ஆம் பிரிவின்படி இன்னோர் ஆணை வந்தது. அந்தப் போருக்காகக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர், உயிருக்கும் உடலின் விடுதலைக்கும் உறுதி தரும் 21-ஆம் பிரிவையோ, கைதானவருக்கான காப்புகளைச் சொல்லும் 22-ஆம் பிரிவையோ காட்டி நீதிமன்றப் படியேற முடியாது என்றது அந்த ஆணை. தோட்டுக்கு ரசீது கொடுத்தார்கள். இதற்குக் கொடுக்கவில்லை. கொடுத்தோம் என்பதே அப்பத்தாவுக்குத் தெரியாது.

அன்றைய பயம் பொய்யில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஓர் அரசு விரைந்து ஆணையிட வேண்டும், பொருளையும் ஆளையும் திரட்ட வேண்டும், உளவாளி என்று நம்பக் காரணமுள்ளவரைப் பிடித்துவைக்க வேண்டும். இதற்கெல்லாம் வழக்கமான நடைமுறை போதாது என்று நேரு நினைத்ததில் நான் தவறு காணவில்லை. நேருவும் வாயை மூடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. சண்டை நடக்கும்போதே நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் கூடியது. உறுப்பினர்கள் நாள்கணக்கில் பேசினார்கள், அரசைக் கடுமையாகக் கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்கு முன்பே பதவியை இழந்திருந்தார். இதனால் படை பலவீனப்பட்டது என்று யாரும் சொன்னதில்லை.

என் மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. நவம்பர் 21-இல் சீனா தானாகவே போரை நிறுத்திக்கொண்டது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. நெருக்கடிநிலை ஓயவில்லை. 1963 போயிற்று. 1964 மே மாதம் நேருவே மறைந்துபோனார். அவர் முகத்தைப் பார்த்து, அவர் சொல்லை நம்பிக் கொடுத்த அதிகாரம் லால் பகதூர் சாஸ்திரியின் கைக்குப் போனது. நடுவில் 1965-இல் பாகிஸ்தானுடன் ஒரு போர் வந்தது, அதுவும் முடிந்தது. தாஷ்கண்டில் உடன்பாடு கண்ட கையோடு சாஸ்திரியும் போய்விட, அதிகாரம் இந்திரா காந்தியிடம் வந்தது. 1968 ஜனவரி 10 அன்றுதான் அந்த அறிவிப்பு விலக்கப்பட்டது. ஒரு மாதச் சண்டைக்காக வாங்கியது ஐந்தேகால் ஆண்டு, மூன்று பிரதமர்களின் கைமாறி இருந்திருக்கிறது. நாம் ஒரு மனிதரிடம் கொடுத்ததாக நினைக்கிறோம். அது நாற்காலியிடம் போய்ச் சேர்கிறது. அடுத்து யார் வந்து உட்காருவார் என்று கொடுக்கும்போது நமக்குத் தெரியாது.

அந்த ஐந்தேகால் ஆண்டில் என்னென்ன நடந்தது என்பதற்கு நான் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச்சூடு நடந்தது. மொழிக்காகத் தம்மை மாய்த்துக்கொண்டவர்களின் வரிசையில் இரண்டு பெயர்கள் எங்கள் புதுக்கோட்டை மண்ணுக்குரியவை: கீரனூர் முத்து, விராலிமலை சண்முகம். அந்தச் சாவுகளை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. அத்தனை இளம் உயிர்கள் போகாமல் அந்தக் கோரிக்கை கேட்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பிப்ரவரியில் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைத்தது எந்தச் சட்டம் என்று பார்த்தால், சீனாவுக்காகச் செய்த அதே இந்தியப் பாதுகாப்பு விதிகள். பாளையங்கோட்டைக்கும் இமயத்து எல்லைக்கும் என்ன தொடர்பு? கேரளத்தில் 1965 தேர்தலில் வென்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர்கள் பலர் அதே விதிகளின்கீழ் சிறைக்குள் இருந்தார்கள். பீகாரில் ராம் மனோகர் லோகியா பிடிபட்டார். அவரைக் காவலில் வைத்த ஆணையில் 'பொது ஒழுங்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சட்டம் ஒழுங்கு' என்று எழுதியிருந்தது. விதி சொல்வது ஒன்று, ஆணை சொல்வது வேறு என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு சொல்லைச் சரியாக எழுதியிருந்தால் அவர் உள்ளேயே கிடந்திருப்பார்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கல்வெட்டு வாசிக்கும் நண்பரோடு குளத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனேன். கல்வெட்டை நேராக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், கல் பேச ஆரம்பிக்கும். அதிட்டானத்தை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து அவர் ஒவ்வோர் எழுத்தாய்ச் சொல்ல, நான் விளக்கைப் பிடித்திருந்தேன். ஓரிடத்தில் நிறுத்தி, "அண்ணே, இங்க பாருங்க, பாடிகாவல்" என்றார். சுண்ணாம்பு அப்பியிருந்த ஓரத்தை விரலால் தடவித் தடவி அந்தச் சொல்லைக் காட்டினார்.

பாடிகாவல் என்பது ஊர்க்காவல். புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-இல் நூலாக வந்தபோது இந்தச் சொல் அதில் திரும்பத் திரும்ப வந்தது. சோழர் கை தளர்ந்து, பாண்டியர் உள்சண்டையில் இறங்கி, வடக்கேயிருந்து படைகள் வந்து போன 13, 14-ஆம் நூற்றாண்டுகள். ஊரைக் காக்க மேலே யாரும் இல்லை. ஊரவர் கூடி, பக்கத்தில் ஆள்கட்டும் ஆயுதமும் வைத்திருந்த ஓர் அரையரை அணுகி, "எங்களைக் காத்துக்கொள், இன்ன நிலத்துக்கு இவ்வளவு நெல் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு ஆசிரியப் பிரமாணம் என்று பெயர். ஆசிரியம் என்றால் இங்கே அடைக்கலம். நெல்லுக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, வாழைக்கு, மஞ்சளுக்கு இவ்வளவு என்று கணக்கு நீளும். படைப்பற்று எனப்பட்ட படைவீரர் ஊர்களைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் பகைத்தாலும் ஊருக்கும் வழிப்போக்கருக்கும் தீங்கு செய்ய மாட்டோம், செய்தால் தண்டம் கட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்ட உடன்படிக்கைகளும் உண்டு. போர்க்காலத்தில் ஒருவனுக்கு அதிகாரம் கொடுப்பது எப்படி என்று எழுநூறு ஆண்டுக்கு முன் இந்த வறண்ட ஊர்களின் குடியானவர்கள் யோசித்திருக்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது, எதற்குக் கொடுப்பது, மீறினால் என்ன என்பதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த இருட்டில், கையில் விளக்கோடு, அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

கதை அதோடு முடியவில்லை. காவலுக்கு வந்த அரையர்கள் போகவில்லை. சூரைக்குடி அரையர்களைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து, வரி வாங்கி, நிலம் கொடுத்து, ஆள்பவர்களாகவே ஆனார்கள். காவற்கூலி வரியாயிற்று. பிற்காலத்தில் கலகம் எதுவும் இல்லாத ஆண்டிலும் அது வசூலானது. எந்தக் கல்வெட்டிலும் 'இந்தக் கலகம் தீர்ந்ததும் இது முடியும்' என்ற வரியை நண்பர் பார்த்ததில்லை என்றார். நானும் தேடினேன், கண்ணில் படவில்லை. அளவை எழுதினார்கள். முடிவை எழுத மறந்தார்கள், அல்லது எழுதக் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. பயந்தவன் பேரம் பேச முடியாது.

நம் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இப்படியொரு பரம்பரை இருக்கிறது. முதல் உலகப்போருக்காக 1915-இல் பிரிட்டிஷார் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். போர் முடிந்து ஆறு மாதத்தில் அது காலாவதியாக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. காலாவதியாகவிருந்ததை அமைதிக்காலத்துக்கும் நீட்டிக்க வந்ததுதான் 1919-இன் ரௌலட் சட்டம். அதை எதிர்த்த கிளர்ச்சி அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக்கில் எப்படி முடிந்தது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது போருக்காக எழுதிய அதிகாரத்தின் தொடர்ச்சி என்பதைப் பாடப்புத்தகம் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. 1939 செப்டம்பரில் ஓர் இந்தியரையும் கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் சேர்த்தார். மறுபடி அதே பெயரில் ஒரு சட்டம். 1962-இல் அதே பெயர். 1971-இல் அதே பெயர். அடிமை நாட்டுக்காக எழுதிய வாசகத்தைச் சுதந்திர நாடு எடுத்து வைத்துக்கொண்டது.

திருமயம் கோட்டைக்குப் போகிறவர்கள் மலைமேல் பீரங்கியைப் பார்த்துவிட்டு, பெருமாளையும் சத்தியகிரீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஊரில் 1887-இல் பிறந்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்து, மத்தியச் சட்டசபையில் பிரிட்டிஷ் அரசைக் கேள்விகளால் துளைத்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வந்ததும் அவரைப் பிடித்தார்கள். விசாரணை இல்லை, தண்டனைக் காலம் இல்லை. எங்கோ அமராவதிச் சிறை. உடல் குலைந்து சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1943 மார்ச் 28 அன்று மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதமே ஃபெடரல் கோர்ட், காவலில் வைக்க இடம் கொடுத்த, 1939 பாதுகாப்புச் சட்டத்தின்கீழான 26-ஆம் விதியே அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டியது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. சில நாட்களுக்குள் வைஸ்ராய் ஓர் அவசரச் சட்டத்தால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார். அந்தத் தீர்ப்பு வந்தபோது சத்தியமூர்த்தி உயிரோடு இல்லை. இந்த வரிசையை, மார்ச், ஏப்ரல் என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சுதந்திரம் வந்து நம் அரசியலமைப்பை எழுதியபோது, அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் எழுந்து நெருக்கடிநிலைப் பிரிவுகளை எதிர்த்தபோது, ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பில் இதேபோல் இருந்த பிரிவைச் சுட்டிக்காட்டினார். அந்த 48-ஆம் பிரிவின் வழியாகத்தான் 1933 பிப்ரவரியில் ஜெர்மானியரின் உரிமைகள் ஒரே ஆணையில் பறிபோயின, ஹிட்லருக்குப் பாதை திறந்தது. காமத்தின் பேச்சைக் கேட்டார்கள், பிரிவுகளை நிறைவேற்றினார்கள். தங்கள் கையில் இருக்கும்வரை எந்த ஆயுதமும் நல்லதாகத்தான் தெரியும், அது மனித இயல்பு.

1971 டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் போருக்காக இரண்டாவது அறிவிப்பு வந்தது. போர் பதின்மூன்று நாளில் முடிந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, வங்கதேசம் விடுதலை பெற்றது. நம் படை நியாயமான காரணத்துக்காகப் போரிட்டு வென்றது. நெருக்கடிநிலை எப்போது விலகியது? 1977 மார்ச் 27. இடையில் நிகழ்ந்த ஒன்றை எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. 1974 ஜனவரி 14, தைப்பொங்கல் நாளில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பிரித்து, எங்களுக்கென்று ஒரு மாவட்டம். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது இழந்த அடையாளம் வேறு வடிவில் திரும்பிவந்த நாள். அந்த நாளிலும் நெருக்கடிநிலை அமலில் இருந்தது. எங்கள் மாவட்டத்தின் முதல் மூன்று ஆண்டுகள் முழுக்கவே அதற்குள்தான் கழிந்தன.

1975 ஜூன் 25-ஐ எல்லோருக்கும் தெரியும். 'எமர்ஜென்சி' என்றாலே அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அது ஏற்கெனவே இருந்த அறிவிப்பின்மேல் ஏற்றிய இன்னொன்று என்பதையும், மிசா என்ற காவல் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது என்பதையும் பேசுவது குறைவு. வீட்டில் ஆயுதம் தயாராக இருந்தது, எடுத்தார்கள். 1976 ஜனவரி 31-இல் தமிழகத்தில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிபட்டார்கள். அந்த ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம், காவலில் உள்ளவர் தன் உயிரைக் காக்கக்கூட நீதிமன்றம் வர முடியாது என்ற அரசின் வாதத்தை நால்வருக்கு ஒருவராக ஏற்றது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் லேணாவிளக்கு முகாம் இருக்கிறது. இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். தோப்புக்கொல்லையிலும் அழியாநிலையிலும் இருக்கிறார்கள். அங்கே பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, எங்கட ஊரில நான் வாலிபனா இருந்த காலம் முழுக்க அவசரகாலச் சட்டம்தான். அது இல்லாத நாடு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது." அவர் மிகைப்படுத்தவில்லை. 1983-இலிருந்து 2011 ஆகஸ்ட் வரை, சிறு இடைவெளிகள் தவிர, அங்கே அவசரகால நிலைதான். 1983 விதிகளில் ஒன்று, மரண விசாரணை இல்லாமலே படையினர் சடலங்களை அப்புறப்படுத்த இடம் கொடுத்தது. 1979-இல் மூன்றாண்டுக்கென்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் முழுப்பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்களை யாரும் எடுக்கவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகும் அந்தச் சட்டத்தில் ஆட்கள் பிடிபட்டார்கள்.

2025 மே மாதம், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு சண்டை மூண்ட அந்த நான்கு நாட்களில், எங்கள் தெருமுனை டீக்கடையில் எல்லோரும் போனைப் பார்த்தபடி நின்றிருந்தோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர், மகன் ராணுவத்தில் இருக்கிறான், சொன்னார்: "இப்ப கேள்வி கேக்குற நேரமாண்ணே? ஒருத்தர் கையில மொத்தத்தையும் குடுத்துட்டு நம்ம பின்னால நிக்கணும்." அவர் கண் கலங்கியிருந்தது. எல்லையில் பிள்ளையை வைத்திருக்கிற தகப்பனிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, 1942 ஜூலையில் பிரிட்டனின் நிலை நம்முடையதைவிட மோசம். டோப்ருக் வீழ்ந்திருந்தது. அந்த நேரத்தில் சர்ச்சில் அரசின்மீது நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் விவாதம் நடந்தது. 475-க்கு 25 என்று தோற்றது. சர்ச்சில் நின்று பதில் சொன்னார், நாடும் நின்றது. ரோமர்கள் ஆபத்துக் காலத்தில் ஒரே ஒருவனைச் சர்வாதிகாரியாக வைத்தார்கள், ஆறு மாதம் என்று எல்லை கட்டி. அந்த எல்லை உடைந்த பிறகு அவர்களின் குடியரசும் நிலைக்கவில்லை. இவ்வளவு தூரம் போவானேன்? 1999-இல் கார்கிலில் நம் பிள்ளைகள் பனிமலை ஏறிப் போரிட்டபோது நெருக்கடிநிலை அறிவிக்கப்படவில்லை. ஒருவருடைய உரிமையும் நிறுத்திவைக்கப்படவில்லை. போரில் வென்றோம்.

1978-இன் 44-ஆம் திருத்தம்தான் இதில் நமக்குக் கிடைத்த உருப்படியான பாடம். அமைச்சரவை எழுத்தில் கேட்டால்தான் அறிவிப்பு. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் ஏற்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை மறுபடி கேட்க வேண்டும். 21-ஆம் பிரிவை எந்தப் போரிலும் நிறுத்த முடியாது. பாடிகாவல் கல்வெட்டில் விட்டுப்போன வரியை ஒருவாறு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 543 பேரில் 55 பேர், எழுதிக் கொடுத்தால் பதினான்கு நாளுக்குள் அவை கூடி இதை விலக்குவதா என்று முடிவுசெய்தாக வேண்டும்.

ஆறு மாதத்துக்கொரு முறை கேட்டாலும் ஆமாம் சொல்கிற அவையாக இருந்தால், இந்தத் திருத்தமும் சுவரில் வெட்டிய நெற்கணக்கைப் போலத்தான் நிற்கும். அந்த 55 பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதுக்கோட்டை என்ற பெயரில் இன்று ஒரு மக்களவைத் தொகுதி இல்லை. 2008 சீரமைப்பில் அது போய், 2009 தேர்தலிலிருந்து எங்கள் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்காகப் பிரிந்து கிடக்கின்றன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். அது எங்களுக்கு நேர்ந்த அநீதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதனால் வாக்குக் கேட்டு இந்த மாவட்டத்துக்குள் நான்கு தொகுதிகளின் வேட்பாளர்கள் வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது சாலையையும் தண்ணீரையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: ஒரு போர் வந்து, முடிந்து, அதிகாரம் மட்டும் திரும்பாமல் இருந்தால், அந்த 55 கையெழுத்தில் உங்கள் கையெழுத்து இருக்குமா?